தொடுபரப்பு: ஒரு கலைச்சொல்லின் பொருள்மாற்ற வரலாறு

1. முன்னுரை

ஓர் அறிவியல் துறையின் வரலாற்றை அதன் கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவது பெருவழக்கு. அத்துறையில் நிலைத்துவிட்ட ஒரு சொல், வடிவம் மாறாமல் நிற்க, அது சுட்டும் பொருள் மட்டும் எவ்வாறு மாறி வந்துள்ளது என்று பார்ப்பது மற்றொரு வழி. கலைச்சொல்லாக்கத்திலும் அறிவியல் மொழிபெயர்ப்பிலும் ஈடுபடுவோர்க்கு இரண்டாவது வழியே மிகுந்த பயன் தருவது. மூலமொழியில் ஒரு சொல் ஒரே வடிவில் நிற்பதைக் கண்டு, இலக்குமொழியிலும் ஒரே சொல்லை எங்கும் இட்டு நிரப்பும்போது, துறையின் உட்பூசல்களும் திருத்தங்களும் மறைந்துவிடுகின்றன.

கரடான இரு திண்மப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது அவை எங்கெங்கே, எவ்வளவு தொடுகின்றன என்னும் வினா இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. எளிய வினாபோல் தோன்றினும், இதற்கு விடை காணும் முயற்சி ஐந்து நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. அதன் மையத்தில் நிற்கும் சொல் 'தொடுபரப்பு'. இச்சொல் குறித்த பொருள் குறைந்தது மூன்று முறை அடிப்படையாக மாறியுள்ளது. அம்மாற்றங்களை நிரல்பட ஆராய்ந்து, தமிழில் இத்துறையை எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய வேறுபாடுகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் தகும். தமிழில் 'பரப்பு' என்பது இருபொருள் ஒருமொழி. 'நீர்ப்பரப்பு', 'மேற்பரப்பு' என்னும் தொடர்களில் அது பரந்து கிடக்கும் புறத்தையும், 'முக்கோணத்தின் பரப்பு' என்னும் வழக்கில் அதன் அளவையும் குறிக்கிறது. இக்கட்டுரையில் முன்னதற்கு 'மேற்பரப்பு' என்பதும் பின்னதற்குப் 'பரப்பளவு' என்பதும் ஆளப்படுகின்றன. இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

2. பரப்பளவைச் சாராத உராய்வு

தொடுகை பற்றிய சிந்தனை உராய்வு பற்றிய ஆய்விலிருந்து பிறந்தது. லியோனார்டோ தா வின்சி (1452–1519) தம் குறிப்பேடுகளில், பாரத்தால் இழுக்கப்படும் கட்டைகளின் படங்களை வரைந்து இரு செய்திகளைப் பதிவு செய்தார். சுமை இருமடங்கானால் உராய்வும் இருமடங்காகும் என்பது ஒன்று. கட்டையைப் படுக்கவைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் உராய்வு மாறாது என்பது மற்றொன்று. அக்குறிப்புகள் அவர் காலத்தில் வெளிவராமையால் அறிவுலகில் தாக்கம் ஏற்படுத்தவில்லை.

இவ்விரு விதிகளும் 1699இல் பாரிசு அறிவியல் கழகத்தில் கியோம் அமொந்தோன் படித்த கட்டுரையின் வழியே வெளிப்பட்டன. சுமைக்கு நேர்விகிதம் என்னும் முதல் விதியைக் கழகத்தார் எளிதில் ஏற்றனர். இரண்டாவது விதி அவர்களுக்கு வியப்பளித்தது. அகன்ற முகத்தில் படுத்திருக்கும் கட்டை மிகுதியாகத் தொடுகிறது, குறுகிய முகத்தில் நிற்பது குறைவாகத் தொடுகிறது, ஆயினும் உராய்வு ஒன்றே என்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அவர்தம் ஐயம். கழக உறுப்பினரான பிலிப் த லா ஹீர் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்து அமொந்தோன் கூற்று சரியே என்றார். விதி நிலைபெற்றது. ஆனால் புதிர் தீரவில்லை.

இப்புதிரில் ஒரு சொற்சிக்கல் ஒளிந்திருந்தது. 'மிகுதியாகத் தொடுகிறது' என்னும்போது, கட்டையின் முகத்தை அளவுகோலால் அளந்து பெறும் நீள அகலங்களின் பெருக்கமே தொடுகையின் அளவு என்று கொள்ளப்பட்டது. பிரெஞ்சு மொழியில் 'சுர்ஃபாஸ்' என்னும் சொல், தமிழ்ப் 'பரப்பு' போன்றே, மேற்பரப்பையும் பரப்பளவையும் குறிக்கும். கட்டைக்கு இருக்கும் மேற்பரப்பு முழுவதும் தொடுபரப்பளவே என்னும் எண்ணம் அச்சொல்லோடு ஒட்டியே வந்தது.

3. பூட்டும் பற்றும்

பதினெட்டாம் நூற்றாண்டில் உராய்வின் காரணம் பற்றி இரு கருத்துகள் நிலவின. மேற்பரப்புகளின் மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன என்றும், நகர்த்தும்போது மேல்கட்டை அம்மேடுகளின்மீது ஏறி இறங்க வேண்டியிருப்பதே உராய்வு என்றும் ஒரு சாரார் கூறினர். தொடும் இடங்களில் பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்பது மற்றொரு கருத்து. இப்பற்றுதலுக்கு ஜான் டெசாகுலியே காட்டிய சான்று புகழ்பெற்றது. இரு ஈயக் குண்டுகளில் சிறு பகுதியைச் சீவி எடுத்து, சீவிய முகங்களை முறுக்கி அழுத்தினால் அவை பிரியாமல் ஒட்டிக்கொண்டு கணிசமான பளுவைத் தாங்கும் என்பதை அவர் 1720களில் செய்து காட்டினார்.

இரு கருத்துகளுள் எது சரி என்பதற்கு விடை காண முயன்றவர் சார்ல் கூலோம். படைப் பொறியாளரான அவர், கப்பல் கட்டும் துறையில் பெரிய அளவில் சோதனைகள் நிகழ்த்தி, 1781இல் பாரிசு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். ஆய்வுரை 1785இல் அச்சாயிற்று. பொருள்களின் இயல்பு, மேற்பரப்புகளின் அகலம், அழுத்தம், அசையாமல் கிடந்த காலம் ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார். பற்றுதலை அவர் எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. பற்றுதலே காரணமாயின் உராய்வு தொடும் இடங்களின் எண்ணிக்கைக்கேற்ப, அதாவது பரப்பளவுக்கேற்ப, மாற வேண்டும். சோதனையில் அவ்வாறு மாறவில்லை. ஆதலால் பற்றுதலின் பங்கு மிகச் சிறிதே என்று முடிவு செய்தார். மரக்கட்டைகளின் இழைகள் இரு தூரிகைகளின் மயிர்கள்போலக் கோத்துக்கொள்கின்றன என்று அவர் விளக்கம் தந்தார்.

கூலோமின் தருக்கத்தில் பிழை இல்லை. பிழை அத்தருக்கத்தின் ஒரு சொல்லில் இருந்தது. பற்றுதல் 'தொடும் பரப்பளவுக்கு' ஏற்ப மாற வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவர் மாற்றிப் பார்த்தது கட்டையின் முகத்தை. இவ்விரண்டும் ஒன்றே என்று கொண்டமையால் சரியான ஒரு கருத்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது. பிரெஞ்சுச் சொல்லின் இருபொருளே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. 'ஏரியா', 'சர்ஃபேஸ்' என்று இரு சொற்களைக் கொண்ட ஆங்கிலத்தில் எழுதியோரும் அதே எண்ணத்தையே கொண்டிருந்தனர். பிழையை மொழி உண்டாக்கவில்லை. ஆயினும் பிழையைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் சொல்லும் எம்மொழியிலும் அப்போது இல்லை.

பூட்டுதல் கொள்கைக்கும் குறை இருந்தது. ஜான் லெஸ்லி 1804இல் அதனைச் சுட்டினார். மேட்டில் ஏறும்போது செலவாகும் ஆற்றல், மறுபுறம் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும். அவ்வாறாயின் உராய்வால் இழக்கப்படும் ஆற்றல் எங்கே போயிற்று என்பதே அவருடைய வினா.

4. ஹெர்ட்ஸின் விடுமுறைக் கணக்கு

தொடுபரப்பளவைக் கணக்கிட்டுக் கூற முடியும் என்று முதலில் காட்டியவர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளராக இருந்தபோது, 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில், தம் இருபத்துமூன்றாம் வயதில் அவர் இக்கணக்கைத் தீர்த்தார். அவருடைய தொடக்கநிலை ஆர்வம் உராய்வின்பால் அன்று. ஒன்றன்மேல் ஒன்று வைத்த கண்ணாடி வில்லைகளுக்கிடையே தோன்றும் நியூட்டன் வளையங்கள், வில்லைகளை அழுத்தும்போது எவ்வாறு உருமாறும் என்பதை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வளைந்த இரு பொருள்கள் முதலில் ஒரு புள்ளியில் தொடும். அழுத்தினால் அப்புள்ளி ஒரு சிறு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ விரியும். அதன் பரப்பளவு சுமையின் மூன்றில் இரண்டாம் அடுக்குக்கு ஏற்ப வளரும். சுமை எட்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்கே ஆகும்.

இம்முடிவு இரு வகையில் முக்கியமானது. தொடுபரப்பளவு என்பது பொருளின் மாறாப் பண்பு அன்று, சுமையைப் பொறுத்து மாறுவது என்பது நிலைநாட்டப்பட்டது. மற்றொன்று, இம்முடிவு அமொந்தோன் விதியோடு பொருந்தவில்லை. உராய்வு தொடுபரப்பளவைப் பொறுத்தது எனில், சுமை எட்டு மடங்காகும்போது உராய்வு நான்கு மடங்கே ஆதல் வேண்டும். உண்மையில் அது எட்டு மடங்காகிறது. இப்பொருத்தமின்மையே பின்வந்த நூறாண்டு ஆய்வின் உந்துவிசை எனலாம். ஹெர்ட்ஸ் தம் கணக்கில் மேற்பரப்புகள் முற்றிலும் வழவழப்பானவை என்று கொண்டிருந்தார் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

5. மெய்த் தொடுபரப்பளவு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மின்பொறியாளர்கள் வேறொரு வழியில் இவ்விடத்தை அடைந்தனர். மின் இணைப்பிகளை ஆராய்ந்த ராக்னர் ஹோல்ம், இரு உலோகங்கள் தொடும் இடத்தில் மின்னோட்டம் சில நுண்ணிய புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துச் செல்வதைத் தெளிவுபடுத்தினார். இதே முறையை உராய்வாய்வுக்குக் கொண்டுவந்தவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிலிப் பௌடன், டேவிட் டேபர் ஆகிய இருவர். 1939இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, உலோகங்களுக்கிடையே மின்கடத்தலை அளந்து, உண்மையில் தொடும் பரப்பளவு கண்ணுக்குத் தோன்றும் பரப்பளவில் மிகச் சிறு பகுதியே என்றும், அது கட்டையின் அளவைச் சாராமல் சுமையை மட்டுமே சார்ந்தது என்றும் காட்டிற்று.

இங்கேதான் சொல் இரண்டாகப் பிரிந்தது. 'தோற்றப் பரப்பளவு', 'மெய்ப் பரப்பளவு' என்னும் இணை பிறந்தது. இரண்டிற்குமுள்ள இடைவெளியை ஓர் எளிய கணக்கால் அறியலாம். தொடும் முகடுகள் மிகுந்த அழுத்தத்தால் நசுங்கி, மீளா உருத்திரிபு அடைகின்றன. அந்நிலையில் மெய்ப் பரப்பளவு, சுமையைப் பொருளின் கடினத்தன்மையால் வகுத்துப் பெறும் ஈவாகும். கடினத்தன்மை சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் உள்ள ஓர் உலோகக் கட்டையின்மேல் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோகிராம் எடை, இருப்பதாகக் கொள்வோம். மெய்ப் பரப்பளவு 0.1 சதுர மில்லிமீட்டர். கட்டையின் முகம் 20 சதுர சென்டிமீட்டர் எனில், அதில் தொடுவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

உராய்வு என்பது இச்சிறு பற்றிடங்களை அறுத்து நகர்த்தத் தேவையான விசை எனக் கொண்டால், அமொந்தோனின் இரு விதிகளும் ஒருசேர விளங்கிவிடுகின்றன. மெய்ப் பரப்பளவு சுமைக்கு நேர்விகிதம். ஆதலால் உராய்வும் அவ்வாறே. மெய்ப் பரப்பளவு கட்டையின் முகத்தைச் சாராது. ஆதலால் உராய்வும் சாராது. கூலோம் தள்ளிய பற்றுதல் கொள்கை மீண்டும் இடம்பெற்றது. அதனை மீட்டது புதிய விசை ஒன்றன் கண்டுபிடிப்பு அன்று, ஒரு பெயரடையே என்பது மொழியியலார் கருதத்தக்கது.

அவ்வாறு பற்றிக்கொண்டவை சுமையை நீக்கியதும் ஏன் எளிதில் பிரிகின்றன என்னும் வினா எழுந்தது. சுமை நீங்கும்போது சுற்றியுள்ள பொருள் மீட்சியால் நிமிர்ந்து பற்றிடங்களைப் பிய்த்துவிடுகிறது என்று அவர்கள் விடை கூறினர். இண்டியம் போன்ற மென்மையான உலோகத்தில் இம்மீட்சி மிகக் குறைவாகையால் ஒட்டுதல் வெளிப்படையாகவே தெரிகிறது. இக்கருத்துகளைத் தொகுத்த அவர்தம் நூல் 1950இல் வெளிவந்தது. இரு திண்மங்கள் தொடுவதை, சுவிட்சர்லாந்து நாட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆஸ்திரியாவின்மேல் வைப்பதற்கு ஒப்பிட்டவர் பௌடன். மலைமுகடுகள் சிலவே தொடும், பள்ளத்தாக்குகள் தொடா.

6. மொழிபெயர்க்கப்படாத ஒரு கட்டுரை

முகடுகள் ஒவ்வொரு முறையும் நசுங்குகின்றன என்னும் கொள்கைக்கு ஓர் இடர் இருந்தது. எந்திரப் பகுதிகள் கோடிக்கணக்கான முறை ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. ஒவ்வொரு முறையும் மீளா உருத்திரிபு நிகழுமாயின் அவை விரைவில் அழிந்துபோகும். சில முறை நசுங்கியபின் அவை மீட்சி நிலையில் சுமையைத் தாங்கப் பழகிவிடுகின்றன என்றே கொள்ளவேண்டும் என்பது ஆர்ச்சர்டின் வாதம். ஆனால் மீட்சி நிலைக்கு உரியது ஹெர்ட்ஸின் மூன்றில் இரண்டு அடுக்கு. உராய்வு விதிக்கு வேண்டியதோ ஒன்று.

1957இல் ஆர்ச்சர்ட் இம்முரணைத் தீர்த்தார். ஒரு பெரிய கோளத்தின்மேல் சிறு கோளங்களைப் பதித்து, அச்சிறு கோளங்களின்மேல் மேலும் சிறிய கோளங்களைப் பதித்ததாக அவர் கற்பனை செய்தார். தனிக் கோளத்துக்கு அடுக்கு 2/3. ஒரு படி சேர்த்தால் 8/9. இன்னொரு படி சேர்த்தால் 26/27. படிகள் கூடக் கூட அடுக்கு ஒன்றை நெருங்குகிறது. சுமை கூடும்போது பழைய தொடுபுள்ளிகள் பெருப்பதைவிடப் புதிய புள்ளிகள் தோன்றுவதே மிகுதி என்பதுதான் இதன் உட்கருத்து. நேர்விகிதம் பொருளின் கடினத்தன்மையிலிருந்து மட்டுமன்றி, மேற்பரப்பின் வடிவத்திலிருந்தும் பிறக்கலாம் என்பது இவ்வாறு புலனாயிற்று.

எனினும் இக்கருத்துக்கு ஒரு முன்னோடி இருந்தது. சோவியத் ஒன்றியத்தில் சுராவ்லேவ் என்பவர் 1940இலேயே, உயரத்தில் வேறுபடும் கோள முகடுகளைக் கொண்ட இரு மேற்பரப்புகள் மீட்சி நிலையில் தொடுவதைக் கணக்கிட்டு, பரப்பளவு சுமையின் 10/11 அடுக்குக்கு ஏற்ப வளரும் என்று காட்டியிருந்தார். அக்கட்டுரை ருசிய மொழியில் இருந்தது. அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2007இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட அறுபத்தேழு ஆண்டுகளில் அதே எண்ணத்தை மேலைநாட்டார் தாமே மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மொழிபெயர்ப்பு உரிய காலத்தில் நிகழாமையால் நேரும் இழப்புக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

7. 1966: ஒரு மாதிரியும் ஒரு புதுச்சொல்லும்

மேற்பரப்பின் கரடுமுரட்டை எண்களாக்கும் கருவிகள் இதற்கிடையே வளர்ந்திருந்தன. அபட்டும் ஃபயர்ஸ்டோனும் 1933இல், ஒரு மேற்பரப்பை வெவ்வேறு உயரங்களில் வெட்டினால் எவ்வளவு பொருள் அகப்படும் என்பதைக் காட்டும் வளைகோட்டை அறிமுகப்படுத்தினர். கூரிய ஊசியை மேற்பரப்பின்மேல் இழுத்து அதன் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் 'டேலிசர்ஃப்' கருவி 1941இல் இங்கிலாந்தில் உருவாயிற்று.

இக்கருவிப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராய்ந்த கிரீன்வுட், வில்லியம்சன் ஆகியோரின் கட்டுரை 1966இல் வெளிவந்தது. இன்றளவும் இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படும் மாதிரி அவர்களுடையதே. அதன் எடுகோள்கள் எளியவை. மேற்பரப்பு பல முகடுகளைக் கொண்டது. எல்லா முகடுகளின் நுனியும் ஒரே ஆரமுள்ள கோளத் துண்டு. உயரங்கள் மட்டும் புள்ளியியல் பரவலுக்கு உட்பட்டு வேறுபடும். ஒரு முகட்டின் நசுங்கல் மற்றொன்றைப் பாதிக்காது. ஒவ்வொரு முகட்டுக்கும் ஹெர்ட்ஸின் விதி பொருந்தும். இவற்றிலிருந்து, உயரங்கள் அடுக்குக்குறிப் பரவலாக இருந்தால் மெய்ப் பரப்பளவு சுமைக்குச் சரியாக நேர்விகிதமாகும் என்றும், இயல்நிலைப் பரவலாக இருந்தால் ஏறத்தாழ நேர்விகிதமாகும் என்றும் அவர்கள் நிறுவினர். தனித்தனி முகட்டில் மூன்றில் இரண்டு அடுக்கும், திரளில் நேர்விகிதமும் ஒருங்கே நிலவ முடியும் என்பது இதன்வழித் தெளிவாயிற்று.

முகடுகள் மீட்சி நிலையில் நிற்குமா, நசுங்கிப்போகுமா என்பதை முன்னறிய அவர்கள் ஓர் எண்ணையும் தந்தனர். மீட்சிக் குணகத்துக்கும் கடினத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை, முகட்டு உயரங்களின் திட்டவிலக்கத்துக்கும் முகட்டு ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். அது 0.6க்குக் கீழாயின் மீட்சி நிலையும், 1க்கு மேலாயின் மீளா நிலையும் மேலோங்கும். இவ்வெண்ணில் சுமைக்கு இடமே இல்லை என்பது அன்று பலரையும் வியக்க வைத்தது.

அதே ஆண்டு இத்துறைக்கு ஒரு பெயரும் கிடைத்தது. பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அமைந்த பிரித்தானியக் குழுவின் அறிக்கை, உராய்வு, தேய்மானம், மசகிடல் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பயில வேண்டும் என்று வலியுறுத்தி, தேய்த்தலைக் குறிக்கும் 'டிரிபோஸ்' என்னும் கிரேக்க வேரிலிருந்து அமைந்த 'டிரைபாலஜி' என்னும் சொல்லைப் பரப்பியது. இத்துறையில் கருத்தூன்றினால் பிரித்தானியா ஆண்டுதோறும் 51.5 கோடி பவுன் மிச்சப்படுத்தலாம் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு. சிதறிக் கிடந்த ஆய்வுகள் ஒரு துறையாகத் திரள்வதற்கு ஒரு சொல் எவ்வளவு உதவும் என்பதை இது காட்டுகிறது.

8. உச்சியும் முகடும்

கிரீன்வுட், வில்லியம்சன் மாதிரியின் மையச்சொல் 'ஆஸ்பெரிட்டி'. கரடு என்னும் பொருளுடைய இலத்தீன் அடையான 'ஆஸ்பெர்' என்பதிலிருந்து வந்த இச்சொல், ஒரு பண்பைக் குறித்த நிலையிலிருந்து எண்ணத்தக்க ஒரு பொருளைக் குறிப்பதாக மாறியது. பண்புப்பெயர் பொருட்பெயரானதும், 'ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை?' என்னும் வினா எழுந்துவிடுகிறது. சிக்கல் அவ்வினாவிலேயே தொடங்கியது.

ஊசிக்கருவி தருவது ஒரு வெட்டுமுகக் கோடு. அக்கோட்டில் இருபுறமும் உள்ள புள்ளிகளைவிட உயர்ந்து நிற்கும் புள்ளி 'உச்சி' எனப்பட்டது. ஆனால் மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் நேர்கோடு மலைமுகட்டின்மேல் செல்வது அரிது. பெரும்பாலும் அது தோள்களைத்தான் கடந்து செல்லும். கோட்டின் உச்சியும் மேற்பரப்பின் முகடும் ஒன்றல்ல. கடலலைகளின் புள்ளியியலுக்காக லாங்கே-ஹிக்கின்ஸ் 1957இல் வகுத்த கணிதத்தை எடுத்துக்கொண்டு, இவ்வேறுபாட்டை 1971இல் துல்லியமாக வரையறுத்தவர் நாயக். கோட்டிலிருந்து பெறும் எண்ணிக்கையும் உயரமும் வளைவும் மேற்பரப்புக்கு அப்படியே பொருந்தா என்பது அவர் முடிவு.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. எத்தனை உச்சிகள் அகப்படும் என்பது, எவ்வளவு நெருக்கமாக அளவெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறியது. நெருக்கமாக அளந்தால் உச்சிகள் பெருகின. அவை மேலும் கூர்மையாயின. அவ்வாறாயின் முகட்டின் ஆரம் மேற்பரப்பின் பண்பா, கருவியின் பண்பா என்னும் ஐயம் எழுந்தது. 2001இல் கிரீன்வுட் தாமே, வூ என்பவருடன் இணைந்து எழுதிய கட்டுரையில் இதற்கு விடை கூறினார். அளவெடுப்பில் அண்டைப் புள்ளிகளைவிட உயர்ந்து நிற்கும் புள்ளிகளை முகடுகளாகக் கொண்டது தவறு என்றும், அது முகடுகளின் எண்ணிக்கை பற்றியும் வளைவு பற்றியும் பொய்யான தோற்றத்தைத் தந்தது என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அக்கட்டுரையின் தலைப்பில் இடம்பெற்ற ஆங்கிலச் சொல் 'அப்பாலஜி'. இன்றைய வழக்கில் அது மன்னிப்புக் கோரலையும், பழைய வழக்கில் தன் கொள்கைக்கான காப்புரையையும் குறிக்கும். முப்பத்தைந்து ஆண்டுகளாக உலகம் முழுவதும் ஆண்ட ஒரு கருத்தை அதன் ஆசிரியரே திருத்திக்கொண்ட நேர்மை அறிவியல் வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று.

9. அளவுநிலையைச் சார்ந்த பொருள்

அளவெடுக்கும் நெருக்கத்தைப் பொறுத்து முடிவு மாறுவது கருவியின் குறை அன்று, மேற்பரப்பின் இயல்பே என்னும் கருத்து 1978இல் வலுப்பெற்றது. இயற்கை மேற்பரப்புகளும் மனிதன் செய்த மேற்பரப்புகளும் மிகப் பரந்த அளவுநிலைகளில் ஒரே வகையான ஒழுங்கைக் காட்டுகின்றன என்று சேல்ஸ், தாமஸ் ஆகியோர் அவ்வாண்டு எழுதினர். மாண்டல்பிராட் 1975இல் 'முறிந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து ஆக்கிய 'ஃபிராக்டல்' என்னும் சொல் இங்கே பொருந்துவதை பெர்ரி, ஹானே ஆகியோர் அதே ஆண்டில் சுட்டினர். இக்கருத்தைத் தொடுகைக் கணக்கில் முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் இந்தியாவில் பொறியியல் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய அருண் மஜும்தார், பாரத் பூஷண் ஆகிய இருவர். அவர்தம் மாதிரி 1991இல் வெளிவந்தது.

தமிழில் நிலத்தையும் வழியையும் 'கரடுமுரடு' என்றும், கையால் தடவி அறிவதைச் 'சொரசொரப்பு' என்றும் கூறுவது வழக்கு. அளவுநிலையால் வேறுபட்ட இரு சொற்கள் குறிப்பது ஒரே பண்பே என்பதுதான் இவ்வாய்வுகளின் சாரம்.

இதன் விளைவு எதிர்பாராதது. மேடுகளின்மேல் மேடுகள் முடிவின்றி அமையுமாயின், நுணுகிப் பார்க்கப் பார்க்க மெய்த் தொடுபரப்பளவு சுருங்கிக்கொண்டே போகும். சாவரெல்லாவும் உடனாய்வாளரும் 2000இல், முற்றிலும் மீட்சியுடைய, முடிவற்ற நுட்பம் வாய்ந்த ஒரு மாதிரி மேற்பரப்பில் அப்பரப்பளவு சுழியை நெருங்கும் என்று காட்டினர். 1939இல் 'மெய்' என்று பெயர் பெற்றது மெய்யாகவே உளதா என்பதே வினாவாயிற்று.

இதனை நேர்கொண்டவர் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பெர்சன். 2001இல் வெளியிட்ட கொள்கையில் அவர் முகடுகளை எண்ணுவதையே கைவிட்டார். மேற்பரப்புகள் முழுமையாகத் தொடுவதாகத் தோன்றும் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய கரடுகளைச் சேர்க்கும்போது அழுத்தத்தின் பரவல் எவ்வாறு அகல்கிறது என்பதை, வெப்பம் பரவுவதை விளக்கும் சமன்பாட்டை ஒத்த ஒரு சமன்பாட்டால் அவர் பின்தொடர்ந்தார். அழுத்தம் சுழியாகும் இடங்களில் தொடுகை விலகுகிறது. இக்கொள்கையில் தொடுபரப்பளவு தனித்து நிற்கும் எண் அன்று. அது உருப்பெருக்கத்தின் சார்பு. இலக்கண நோக்கில் கூறுவதாயின், தனிப்பெயராக நின்ற சொல், 'எந்த உருப்பெருக்கத்தில்' என்னும் நிரப்பியைக் கட்டாயமாக வேண்டும் சொல்லாக மாறிவிட்டது. அணுக்களின் அளவு ஒரு கீழெல்லையை விதிப்பதால் நடைமுறையில் பரப்பளவு சுழியாவதில்லை.

இரு வழிகளும் எவ்வளவு வேறுபடுகின்றன? சிறு சுமையில் மெய்ப் பரப்பளவு சுமைக்கு நேர்விகிதமாகவும், மீட்சிக் குணகத்துக்கும் மேற்பரப்பின் சராசரிச் சரிவுக்கும் எதிர்விகிதமாகவும் இருக்கும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. பெருக்குமாறிலி மட்டுமே வேறு. முகடுகளைக் கொண்டு புஷ், கிப்சன், தாமஸ் ஆகியோர் 1975இல் கணக்கிட்டது ஏறத்தாழ 2.5. பெர்சன் கொள்கை தருவது ஏறத்தாழ 1.6. கணிப்பொறிக் கணக்கீடுகள் இவ்விரண்டுக்கும் இடையே நின்றன. மார்ட்டின் முய்சர், ஒரே மேற்பரப்பையும் ஒரே தரவுகளையும் தந்து, தத்தம் முறையால் விடை காணுமாறு ஆய்வுக் குழுக்களை அழைத்தார். பத்துக்கும் மேற்பட்ட குழுக்களின் முடிவுகள் 2017இல் ஒருங்கே வெளிவந்தன. முழுக் கணிப்பொறிக் கணக்கீடுகள் தம்முள் நன்கு ஒத்தன. பெர்சன் கொள்கையும் அவற்றை நெருங்கியது. முகட்டு மாதிரிகள் சில வினாக்களில் பின்தங்கின.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், 'தொடுபரப்பு' என்னும் ஒரே சொல் அமொந்தோனுக்குக் கட்டையின் முகத்தையும், பௌடனுக்கும் டேபருக்கும் நுண்புள்ளிகளின் கூட்டுத்தொகையையும், பெர்சனுக்கு உருப்பெருக்கத்தின் சார்பு ஒன்றையும் குறித்தமை புலனாகும். கூலோமின் தருக்கம் வழுவியதற்கும் கிரீன்வுட்டின் திருத்தத்துக்கும் அடிப்படை, ஒரு சொல் எதனைச் சுட்டுகிறது என்னும் வினாவே.

இத்துறையைத் தமிழில் பெயர்ப்போர் மூன்று வேறுபாடுகளைக் காத்தல் வேண்டும். முதலாவது, மேற்பரப்பும் பரப்பளவும். 'தொடுபரப்பு' என்று மட்டும் எழுதினால், தொடும் புறமா தொடுகையின் அளவா என்பது விளங்காது. 'தொடுபரப்பளவு' என்பதே தெளிவு தரும். இரண்டாவது, தோற்றமும் மெய்யும். மூலத்தில் அடை விடுபட்டிருக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் சூழல் நோக்கி 'தோற்ற' அல்லது 'மெய்' என்பதைச் சேர்த்தல் தகும். 1939க்கு முந்திய ஆய்வுரைகளுக்கு மட்டும் இவ்வாறு சேர்த்தலாகாது. அவ்வாறு சேர்த்தால் கூலோம் செய்யாத வேறுபாட்டை அவர்மேல் ஏற்றியதாகும்; அவர் ஏன் வழுவினார் என்பதும் வாசகர்க்கு விளங்காமற்போகும். மூன்றாவது, கோட்டின் உச்சியும் மேற்பரப்பின் முகடும். இரண்டையும் 'முகடு' என்றே பெயர்த்தால், நாயக் எழுதியதும் கிரீன்வுட் திருத்தியதும் தமிழில் பொருளற்ற வாக்கியங்களாகிவிடும்.

ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்னும் கலைச்சொல் நெறி அகராதித் தொகுப்புக்கு ஏற்றது. வரலாற்றைப் பெயர்க்கும்போது அந்நெறி காலத்தோடு இணங்கிச் செல்லவேண்டும். ஒரு சொல்லை எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கலாகாது என்பதை அது எழுதப்பட்ட ஆண்டே முடிவு செய்கிறது.